பெரியும்மா பிடித்த கல்யாணப் படம்

போன சித்திரையில் ஒரு வீடியோ கேசட்டை மொட்டை மாடியில் காயப்போட்டேன். பக்கத்து முறத்தில் நெத்திலிக் கருவாடு காய்ந்துகொண்டிருந்தது. நாலு அலமாரிப் புத்தகம் வைத்திருப்பவள், அவற்றில் மூன்றைப் படித்தும் இருப்பவள் செய்கிற காரியமா இது என்று நீங்கள் கேட்கலாம். வெள்ளைப் பூஞ்சை பூத்த ஒன்றைக் கையில் எடுத்தபோது புத்தகம் எதுவும் ஞாபகத்துக்கு வரவில்லை. எங்கள் கடற்கரையில் பூஞ்சைக்கு ஒரே வைத்தியம்தான். வடகம், பாய், தலையணை, துபாயிலிருந்து வந்த கோட்டு எல்லாமே வெயிலில் கிடந்து உயிர் பிழைத்தவை. கேசட் மட்டும் என்ன நவாப் பரம்பரையா என்று நினைத்துவிட்டேன்.

சாயங்காலம் எடுக்கப் போனபோது அது லேசாகக் குனிந்து சலாம் சொல்லும் நிலையில் இருந்தது. கருவாடு நன்றாகக் காய்ந்திருந்தது.

பழைய கேசட்டுகளைப் பென் டிரைவில் ஏற்றித் தரும் ஸ்டுடியோ ஒன்று ராமநாதபுரத்தில் இருப்பதாகக் கேள்விப்பட்டு பஸ் ஏறினேன். அங்கிருந்த பையனுக்கு என் மகன் வயது இருக்கும். கேசட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இத எங்கன வச்சிருந்தீங்கம்மா?"

"அலமாரியில."

"அலமாரி அடுப்புக்குப் பக்கத்துல இருக்கா?"

போன் நம்பரை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். கொஞ்ச நாள் கழித்துப் போனில் கூப்பிட்டான். "படம் பெரும்பாலும் போச்சும்மா. புள்ளி புள்ளியா ஓடுது. சத்தம் மட்டும் அப்படியே இருக்கு. யாரோ ஒரு அம்மா ஆரம்பத்துலேருந்து கடைசி வரைக்கும் முணுமுணுன்னு பேசிக்கிட்டே இருக்காங்க. அத எடுத்துட்டு பாட்டுப் போட்டுரட்டுமா?"

"தம்பி, நீ எத வேணும்னாலும் எடு. அந்த அம்மா மேல கைய வச்சிராத" என்றேன்.

அந்த அம்மா என் பெரியும்மா. வாப்பாவுடைய அண்ணன் மனைவி. கேசட்டில் இருந்தது என் லாத்தாவின் கல்யாணம். எங்கள் பக்கம் அப்பாவை வாப்பா, அம்மாவை உம்மா, அக்காவை லாத்தா என்போம். அந்தப் படத்தைப் பிடித்தவள் பெரியும்மா. எங்கள் குடும்பத்தில் அதுவரை அதைப் பார்த்திருந்தவர் ஒரே ஒருவர்தான் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். அவரும் இப்போது இல்லை.

வளைகுடாவில் ஆள் இருந்த வீடுகளில் கடிதத்தைவிட ஆடியோ கேசட்டுக்கு மவுசு அதிகமாக இருந்த காலம் அது. நம் வயதுக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. லீவில் வருகிற யாராவது சோப்பு, டார்ச் லைட், பால்பவுடர் டின்னோடு அதையும் கொண்டுவந்து கொடுப்பார். டேப் ரிக்கார்டரைக் கூடத்தின் நடுவில் வைத்து எல்லாரும் சுற்றி உட்காருவோம். வாப்பா ஒவ்வொருத்தர் பேராகச் சொல்லி நலம் விசாரிப்பார். நாங்களும் டேப்பைப் பார்த்துப் பதில் சொல்வோம். வாப்பாவின் குரலுக்குப் பின்னால் ஓர் ஏசி ஓயாமல் உறுமும். வாப்பா கப்பலில் வேலை பார்ப்பதாகவே எனக்கு வெகுநாள் எண்ணம்.

லாத்தாவுக்கு மாப்பிள்ளை முடிவான பிறகு வந்த கேசட்டில் வாப்பா யார் பேரையும் சொல்லவில்லை. நேராக விஷயத்துக்கு வந்தார்.

"முதலாளி லீவு இல்லன்னுட்டான். நான் வர முடியாது. அண்ணன் இருக்காக, என் எடத்துல அவுக ஒக்காந்து நிக்காஹ முடிச்சுக் குடுப்பாக. எனக்கு ஒரு ஆசதான். இப்ப எல்லா எடத்துலயும் கல்யாணத்த வீடியோ எடுக்குறாகளாம். என் புள்ளையப் பொண்ணுக் கோலத்துல ஒரு தடவ பாத்துட்டாப் போதும்."

அதற்குப் பிறகு வெகுநேரம் ஏசி மட்டும் பேசியது. லாத்தா எழுந்து உள்ளே போய்விட்டாள். உம்மா டேப்பை நிறுத்தவில்லை. ஏசியைக் கடைசி வரை கேட்டுக்கொண்டிருந்தாள்.

பெரியவாப்பா தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். தீர்ப்பு வருகிறது என்பதற்கு அதுதான் அடையாளம்.

"வீடியோ எடுக்கட்டும். ஆம்பளைக பக்கம் எடுக்கட்டும். பொம்பளைக பக்கம் அன்னிய ஆம்பள கேமராவத் தூக்கிக்கிட்டு வரக் கூடாது."

"அப்பப் பொண்ணு?" என்று கேட்டது நான். எனக்கு அப்போது ஒன்பது வயது. கேட்கக் கூடாத கேள்வியைக் கேட்க அந்த வயதுக்கு ஊரில் அனுமதி இருந்தது.

"பொண்ணு எங்கயும் போயிராது. லீவுல வந்து பாத்துக்கிறட்டும்."

உம்மா கதவுக்குப் பின்னால் நின்றபடி, "அவுக லீவுல வாரதுக்குள்ள அவ கையில புள்ள இருக்கும்" என்றாள்.

"அதுக்காக? அங்கன ஒரு ரூம்ல எத்தன பேரு படுத்திருக்கான்னு தெரியுமா? கேசட்டப் போட்டா எல்லாவனும்தான் பாப்பான். நம்ம வீட்டுப் பொம்பளைகள ஊரு பேரு தெரியாதவன் பாக்குறதுக்கா கல்யாணம் வைக்கிறோம்? அது சரின்னு படுதுன்னா, தம்பி எடத்துல ஒக்கார வேற ஆளப் பாத்துக்கிருங்க."

பெண்ணின் வாப்பா இல்லாத இடத்தில் அவருடைய அண்ணன் உட்கார்ந்து மாப்பிள்ளையின் கையைப் பிடித்து ஒப்படைப்பதுதான் எங்களில் முறை. அவர் எழுந்துகொண்டால் கல்யாணம் நிற்காது. ஆனால் ஊர் அதைத் தலைமுறைக்கும் பேசும். உம்மா அடுப்படிக்குத் திரும்பிவிட்டாள். பெரியவாப்பாவைக் கல் நெஞ்சுக்காரர் என்று நான் அன்றைக்கு முடிவு செய்தேன். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது என்பது, என் கல்யாணப் போட்டோ ஒன்று எனக்குத் தெரியாமலே ஒரு ஸ்டுடியோவின் வாசல் கண்ணாடியில் நாலு வருஷம் மாட்டிக் கிடந்தபோதுதான் எனக்கு உறைத்தது.

இந்த இடத்தில் கதவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் வீட்டுக்கும் பெரியவாப்பா வீட்டுக்கும் ஒரே சுவர். சுவரில் ஒரு கதவு. உப்பு, புளி, குழந்தை, கோபம் எல்லாம் அந்தக் கதவு வழியாகத்தான் போய்வரும். எந்தக் குழந்தை எந்த வீட்டில் சோறு தின்றது என்று இரவில்தான் கணக்குப் பார்ப்பார்கள். அந்த வருஷம் அந்தக் கதவுக்கு இரண்டு பக்கமும் தாழ்ப்பாள் விழுந்தது.

எங்கள் ஊரில் பெண் புகுந்த வீடு போவதில்லை. வீடு பெண்ணுக்கு, மாப்பிள்ளைதான் பெட்டியோடு வந்து சேருவார். பெரியும்மாவுக்குத் தன் தம்பி மகனை லாத்தாவுக்கு மாப்பிள்ளையாக்கி, அந்தக் கதவுக்கு இந்தப் பக்கம் கொண்டுவந்து வைத்துக்கொள்ள ஆசை. நல்ல பையன்தான். உம்மாவும் வாப்பாவும் கேசட்டிலேயே பேசி வேறு இடம் முடித்தார்கள். அதை மச்சியிடம், அதாவது பெரியும்மாவிடம், எப்படிச் சொல்வது என்று உம்மா பயந்தாள். இன்றைக்குச் சொல்கிறேன், நாளைக்குச் சொல்கிறேன் என்று தள்ளிப்போட்டாள். கடைசியில், வீடு வீடாகப் போய்ப் பெண்களுக்குச் சேதி சொல்லும் அம்மா தெருக்கோடியில் தொடங்கி வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்து, பெரியும்மா வீட்டிலும் மற்ற வீடுகளைப் போலவே சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அன்று மத்தியானம் பெரியும்மா பக்கத்துத் தாழ்ப்பாள் விழுந்தது. மறுநாள் காலை உம்மாவும் போட்டாள். இரண்டு பேருமே கோபத்தில் சமையலை நன்றாகச் செய்பவர்கள். அந்த மூன்று மாதம் இரண்டு வீட்டிலும் சாப்பாடு பிரமாதமாக இருந்தது.

கல்யாணத்தன்று இதனால் பெரிய கஷ்டம். ஆண்களுக்குப் பந்தி பெரியவாப்பா வீட்டில். அடுப்பு எங்கள் வீட்டுப் புழக்கடையில். கதவு திறந்திருந்தால் பத்து எட்டில் போகிற நெய்ச்சோறு, முடுக்கு வழியாக வெளியேறி, தெருமுனை சுற்றி, பள்ளிவாசலைத் தாண்டிப் போய்ச் சேர வேண்டியிருந்தது. நாலு பேர் கூடி உண்ணும் பெரிய தட்டைச் சஹன் என்போம். சஹன்களைத் தலையில் தூக்கிக்கொண்டு ஆட்கள் வரிசையாக நடக்க, பின்னால் ஊர் ஆடுகள் மரியாதையான தூரத்தில் நடந்தன. தெருவில் போனவர்கள் எங்கள் வீட்டுச் சண்டையை நெய் வாசனையோடு தெரிந்துகொண்டார்கள்.

வீடியோக்காரர் தங்கச்சிமடத்திலிருந்து வந்தார். தேவாலயத் திருவிழா, ஞானஸ்நானம், கல்யாணம் எல்லாம் எடுத்துப் பழகியவர். பாம்பன் பாலத்து உப்புக் காற்று படாமல் கேமராவைக் குளிப்பாட்டிய பிள்ளை மாதிரித் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்திருந்தார். பெரியவாப்பா வீட்டு முன்கூடத்தில் அதைப் பிரித்தபோது நானும் அங்கே இருந்தேன்.

"பொண்ண எப்ப எடுக்கணும் பெரியவரே?"

"பொண்ண எடுக்க வேணாம்."

வீடியோக்காரர் கொஞ்சம் யோசித்தார். "அப்ப மாப்பிள்ள யாரைக் கட்டுறாருன்னு பாக்குறவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பாக்கப்போறது பொண்ணோட வாப்பா. அவனுக்குத் தெரியும்."

உள்கூடத்தில் வெற்றிலைத் தாம்பாளம் அடுக்கிக்கொண்டிருந்த பெரியும்மா, முகத்தைக் காட்டாமல் குரலை மட்டும் அனுப்பினாள். "ஏந்தம்பி, அந்த மிஷினு எம்புட்டுக் கனம் இருக்கும்?"

"ஒரு ஆட்டுக்குட்டி கனம் இருக்கும்மா."

"ஆட்டுக்குட்டி தூக்கிருக்கேன்."

பெரியவாப்பா திரும்பினார். "நீ என்ன சொல்ற?"

"அன்னிய ஆம்பள தூக்கிக்கிட்டு வரக் கூடாதுன்னுதானே சொன்னீக? நான் அன்னியமா, ஆம்பளையா?"

"அங்கன பல பேரு பாப்பான்னும் சொன்னேன்."

"ஒங்க தம்பி பாக்கும்போது மத்தவுகள எந்திரிச்சு வெளிய போகச் சொல்லட்டும். அந்தப் புத்தி ஒங்க தம்பிக்கு இல்லன்னா சொல்றீக?"

பெரியவாப்பா தொப்பியைக் கழற்றினார். தலையைத் தடவினார். மறுபடி போட்டுக்கொண்டார். "அவன் மட்டும் பாக்கணும்" என்றார். "ஒரு கண்ணு, ரெண்டாவது கண்ணு கூடாது." வாப்பாவுக்கு இரண்டு கண் உண்டு என்று நான் சொல்ல நினைத்தேன், என் நல்ல காலம், யாரோ என்னைத் தள்ளிவிட்டார்கள்.

பெரியும்மா கதவுக்குப் போய்த் தன் பக்கத்துத் தாழ்ப்பாளை எடுத்தாள். கதவு அசையவில்லை. அந்தப் பக்கம் எங்கள் தாழ்ப்பாள். என்னைக் கூப்பிட்டாள். "ஓடிப் போயி ஒங்க உம்மாகிட்ட கேமரா வருதுன்னு சொல்லு."

'நான் வாரேன்' என்று அவள் சொல்லவில்லை. நான் முடுக்கு, தெருமுனை, பள்ளிவாசல் என்று நெய்ச்சோற்று வழியில் எதிர்த்திசையாக ஓடி, "உம்மா, கேமரா வருதாம்" என்றேன். உம்மா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து தாழ்ப்பாளைத் திறந்தாள். எதிரே பெரியும்மா. மூன்று மாதத்துக்குப் பிறகு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். உம்மா விலகி வழிவிட்டாள்.

கதவு நிலையில் ஒரு பெட்ஷீட்டைத் திரையாகக் கட்டினார்கள். திரைக்கு அந்தப் பக்கம் வீடியோக்காரர், இந்தப் பக்கம் கேமராவோடு பெரியும்மா. அதற்குமுன் அவள் கையாண்ட ஒரே மிஷின் இடியாப்ப உரல்.

"செவப்புப் பொத்தான் ஒண்ணு தெரியுதாம்மா?"

"எங்கன?"

"வலது கைப் பெருவெரலு கிட்ட."

"என் பெருவெரலு இங்கன இருக்கு. பொத்தான் அங்கன இருக்கு."

"அப்பக் கைய மாத்திப் பிடிங்கம்மா."

பிடித்தாள். ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு துளையில் பார்த்தாள். "தம்பி, மிஷினு கெட்டுப்போச்சு. பொண்ணு செவப்புச் சேல கட்டிருக்கு. இதுல எல்லாரும் மையத்து எடுக்குற வீட்டுக்கு வந்த மாதிரி கறுப்பு வெள்ளையாத் தெரியுறாக."

"அதுல அப்படித்தாம்மா தெரியும். படத்துல கலரா வரும்."

"இங்க இல்லாத கலரு அங்க எப்படி வரும்?"

"வரும்மா. சத்தியமா வரும்."

பெரியும்மா நம்பவில்லை, ஆனாலும் தொடங்கினாள். லைட்டைப் பிடிக்க ஆள் வேண்டும். அது நான். அப்போதைய வீடியோ லைட் கையில் பிடித்த அடுப்பு. அதைத் திருப்பிய பக்கமெல்லாம் பெண்கள் வியர்த்து, உட்கார்ந்த இடத்திலேயே நகர்ந்தார்கள். லாத்தா முகத்தில் வெளிச்சம் விழ வேண்டும் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். லாத்தாவுக்கு வலப்பக்கம் தாம்பாளத்தில் தொதல் அடுக்கியிருந்தது. கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் சேர்ந்து மினுமினுக்கும் தொதலை நீங்கள் அந்த வெளிச்சத்தில் பார்த்திருந்தால் என்னை மன்னித்துவிடுவீர்கள்.

வீடியோக்காரர் பெரியும்மாவுக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்தார். ஒன்றை மட்டும் சொல்லவில்லை. கேமராவுக்குக் காதும் உண்டு என்பதை.

பெரியும்மாவுக்குக் கை வேலை செய்தால் வாயும் கூடவே வேலை செய்யும். மீன் அறுக்கும்போது மீனிடம் பேசுவாள். வெங்காயத்தைத் திட்டுவாள். அந்த முணுமுணுப்பு எங்களுக்கு ஃபேன் சத்தம் மாதிரி. ஓடும்போது காதில் விழாது, நின்றால்தான் தெரியும். அன்றைக்கும் பேசிக்கொண்டேதான் படம் பிடித்தாள். என்ன பேசினாள் என்று, பக்கத்தில் லைட்டோடு நின்ற நான் உட்பட, ஒருத்தரும் கேட்கவில்லை.

திரைக்கு அந்தப் பக்கம் நிக்காஹ் முடிந்தது. அதை வீடியோக்காரர் முறையாக எடுத்துக் கேமராவைத் திரும்பவும் திரைக்குள் நீட்டினார். மாப்பிள்ளையின் லாத்தா வந்து எங்கள் லாத்தாவுக்குத் தாலிக்குப் பதிலான கருகமணி கட்டினாள். பெரியும்மா மூச்சுவிடாமல் முன்னால் போய், கட்டுகிறவளின் முழங்கையில் கேமராவை இடித்து, "இடிச்சுருச்சா, இருக்கட்டும், கட்டு" என்றாள். அதன்பிறகு கேமராவை மெதுவாகத் திருப்பினாள். சமையல் கட்டு வாசலில் உம்மா நின்றிருந்தாள். லைட்டை அந்தப் பக்கம் காட்டச் சொல்லிப் பெரியும்மா என்னை முழங்கையால் தள்ளினாள். வெகுநேரம் உம்மாவையே பிடித்தாள். உம்மா முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. கேமராவுக்கு அந்தப் பக்கம் புருஷன் இருக்கிறார் என்று அவள் அப்படி நின்றாள் என்றுதான் நான் நினைத்தேன்.

வேலை முடிந்ததும் பெரியும்மா கேமராவைத் திரைக்கு வெளியே கொடுத்தாள். திரையை அவிழ்த்தாள். தன் வீட்டுக்குள் போனாள். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. உம்மா சிறிது நேரம் நின்றுவிட்டுத் தன் பக்கத்தையும் போட்டாள்.

எங்கள் வீட்டில் வீடியோ போட்டுப் பார்க்கும் வசதி கிடையாது. இருந்தாலும் பெரியவாப்பாவின் தீர்ப்பு இருக்கிறது. கேசட்டின் மேல் வீடியோக்காரர் 'இனிய திருமணம்' என்று எழுதி இரண்டு புறா வரைந்து கொடுத்தார். அடுத்த வாரமே துபாய் போன பக்கத்துத் தெருக்காரர் பெட்டியில் புறாக்கள் பறந்துவிட்டன.

அங்கே நடந்ததை வாப்பா லீவில் வந்தபோது சொன்னார். யாரிடமோ இரவல் வாங்கிய வீடியோ பிளேயரை அறையில் வைத்துவிட்டு, அண்ணன் வைத்த நிபந்தனையைக் கூட இருந்தவர்களிடம் கூச்சத்தோடு சொல்லியிருக்கிறார். முதலில் எழுந்தவர் முதுகுளத்தூர்ப் பக்கத்து விவசாயி வீட்டுப் பிள்ளை. "வாங்கப்பா, அண்ணன் மக கல்யாணம். நம்ம வெளிய நிப்போம்" என்று மற்றவர்களைக் கிளப்பிக்கொண்டு போயிருக்கிறார். வெள்ளிக்கிழமை மத்தியானம், வளைகுடா வெயில். தூங்க வேண்டிய ஒரே விடுமுறை நாளில் எட்டுப் பத்து ஆண்கள் தகரக் கூரைக்கு வெளியே சுவர் நிழலில் ஒட்டிக்கொண்டு நின்றார்கள்.

பார்க்கத்தான் கூடாது என்று பெரியவாப்பா சொல்லியிருந்தார். கேட்பது பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. கதவுக்கு வெளியே எல்லாம் கேட்டது. பெண்களின் சிரிப்பு, பாத்திரச் சத்தம், குழந்தை அழுகை, எல்லாவற்றுக்கும் மேலே பெரியும்மா. படம் முடிந்ததும் முதுகுளத்தூர்க்காரர் கதவைத் தட்டி, "அண்ணே, இன்னொருக்காப் போடுங்க. நாங்க இங்கனயே நிக்கிறோம்" என்றாராம்.

"பொண்ணவிட தொதல் வெளிச்சமா இருந்துச்சு" என்று வாப்பா என்னைப் பார்த்துச் சொன்னார். "ஆனா என் புள்ளையப் பாத்துட்டேன்."

அதெல்லாம் பிறகு. கல்யாணம் முடிந்து இரண்டு மாதத்தில் வாப்பாவிடமிருந்து ஓர் ஆடியோ கேசட் வந்தது. உம்மா மட்டும் கேட்க வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார். உம்மா உள்ளறையில் சத்தத்தைக் குறைத்துவைத்துக் கேட்டாள். நான் கட்டிலுக்கு அந்தப் பக்கம் தூங்கிக்கொண்டிருந்தேன். அதாவது, அப்படித்தான் உம்மா நம்பினாள்.

"மிஷினு பேச்சையும் பதியும்னு மச்சிக்குத் தெரியாது போல" என்றது வாப்பாவின் குரல். "எல்லாம் பதிஞ்சிருக்கு. ஒன்னப் படம் பிடிக்கையில என்ன சொல்லுது தெரியுமா? 'மெலிஞ்சு போயிட்டா பாவி. வேளைக்குத் திங்கிறாளா என்னமோ. கேக்க நாதி இல்ல.' அப்படிச் சொல்லுது. அப்புறம் சொல்லுது, 'என் தம்பி மகனுக்குக் குடுக்காட்டிப் போகுது, அவனுக்கு ஊருல பொண்ணா இல்ல. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருந்தா நான் என்ன, இவளக் கடிச்சா தின்னுருவேன்? தெருவுக்குச் சொன்ன மாதிரி எனக்கும் ஆளு அனுப்புறா.'" ஏசி கொஞ்ச நேரம் உறுமியது. "போயிச் சொல்லிரு."

உம்மா டேப்பை நிறுத்தினாள். பிறகு எழுந்து முகம் கழுவி, பெட்டியிலிருந்து நல்ல சேலை எடுத்துக் கட்டினாள். வெள்ளைத் துப்பட்டியால் போர்த்துக்கொண்டாள். தட்டில் வெற்றிலை பாக்கு, சர்க்கரை, வாழைப்பழம் வைத்தாள். தன் பக்கத்துத் தாழ்ப்பாளை எடுத்துக் கதவைத் தட்டினாள். நான் தூக்கத்தை முடித்துக்கொண்டு பின்னால் போய் நின்றேன்.

பெரியும்மா கதவைத் திறந்தாள். கையில் மீன் அறுத்த ஈரம். உம்மாவின் சேலையைப் பார்த்தாள், தட்டைப் பார்த்தாள்.

"மச்சி" என்றாள் உம்மா. "நம்ம மூத்தவளுக்குக் கல்யாணம் வச்சிருக்கோம். மொத மொத ஒங்களுக்குத்தான் சொல்லுறேன். நீங்க முன்ன நின்னு நடத்தித் தரணும்."

லாத்தா அப்போது எங்கள் வீட்டு முற்றத்தில், மசக்கையில், மாங்காயும் உப்பும் தின்றுகொண்டிருந்தாள்.

பெரியும்மா ஈரக் கையை முந்தானையில் நிதானமாகத் துடைத்தாள். "என்னைக்கு வச்சிருக்கீக?" என்றாள்.

"ரெண்டு மாசம் ஆச்சு மச்சி."

"சோலி இருக்கான்னு பாத்துட்டுச் சொல்றேன்" என்று தட்டை வாங்கிக்கொண்டாள். "நின்னுக்கிட்டே இருக்க. உள்ள வா. சாப்பிட்டியா?"

அந்தக் கதவை அதற்குப் பிறகு யாரும் தாழ் போடவில்லை. கதவே கரையான் அரித்து விழுந்த பிறகும் புதுசு மாட்டவில்லை.

ஒரு மழைக்காலத்தில் முதுகுளத்தூர்க்காரர் லீவில் வந்தார். வாப்பா கொடுத்தனுப்பிய சாமானைக் கொண்டுவந்து வாசலில் நின்று, உள்ளே தலை தெரியாத உம்மாவைப் பார்த்து, அதாவது கதவைப் பார்த்து, "அக்கா, ஒடம்பு இப்பத் தேவலையா? ரொம்ப மெலிஞ்சிருந்தீங்கன்னு கேள்விப்பட்டோம். ரூம்ல எல்லாருமே கேட்டாக" என்றார். உம்மா வெட்கத்தில் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். பக்கத்து வீட்டுக்குள்ளிருந்து பெரியும்மா, "இப்ப நல்லாத் திங்கிறா, போயிச் சொல்லுங்க" என்றாள். அந்த மனிதர் குரலைக் கேட்டதும் நிமிர்ந்து, "அம்மா, நீங்கதானா அது?" என்று கும்பிட்டார். பெரியும்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் சாகிற வரை கேமராவுக்குக் காது உண்டு என்று யாரும் அவளிடம் சொல்லவே இல்லை. வாப்பாவும் உம்மாவும் அந்த ஒரு விஷயத்தில் கடைசிவரை உறுதியாக இருந்தார்கள்.

கேசட் வாப்பாவின் பெட்டியிலேயே திரும்பி வந்து, பாச்சா உருண்டைகளுக்கு நடுவே அலமாரியில் கிடந்து, பூஞ்சை பூத்து, என்னிடம் வந்து சேர்ந்தது. மீதியைத்தான் தொடக்கத்திலேயே சொல்லித் தொலைத்துவிட்டேனே.

ஸ்டுடியோப் பையன் தேற்றிக் கொடுத்ததைப் போன மாதம் லாத்தா வீட்டில், அதாவது எங்கள் பழைய வீட்டில், டி.வி.யில் போட்டோம். லாத்தா பேரப்பிள்ளைகளோடு முன்வரிசையில் உட்கார்ந்தாள். தன்னைப் பெண் கோலத்தில் பார்க்க முப்பது வருஷத்துக்கு மேல் காத்திருந்தவள். திரையில் பனி பெய்தது. பனிக்குள் சிவப்பாக ஏதோ நகர்ந்தது. அது லாத்தாவாகவும் இருக்கலாம், பெட்ஷீட்டாகவும் இருக்கலாம். முகம் என்று தெளிவாகத் தப்பித்தது ஒன்றே ஒன்றுதான். நிக்காஹ் இடத்தில் மாப்பிள்ளையின் கையைப் பிடித்தபடி, பெரியவாப்பா ஒரு கணம் நிமிர்ந்து கேமராவை நேராகப் பார்த்துத் தலையசைக்கிறார். தம்பியைப் பார்த்து. வீட்டுப் பெண்கள் முகம் ஒன்றும் வெளியே போகக் கூடாது என்று சொன்னவருடைய முகம். நான் அவரைக் கல் நெஞ்சுக்காரர் பட்டியலிலிருந்து அப்போது எடுத்தேன். ரொம்பத் தாமதம்தான்.

சத்தம் மட்டும் கண்ணாடி மாதிரி இருந்தது. வெற்றிடத்துக்குள்ளிருந்து பெரியும்மா பேசிக்கொண்டே வந்தாள். யார் சேலை பழசு, யார் நகை இரவல், எந்தக் குழந்தைக்கு மூக்கு ஒழுகுகிறது, "ஏ புள்ள லைட்ட எங்க காட்டுற, தொதலுக்கா கல்யாணம்", நெய்ச்சோற்றில் உப்பு ஒரு கல்லு கம்மி, கறி பரவாயில்லை. பிறகு அந்த இடம் வந்தது. மெலிஞ்சு போயிட்டா பாவி. வேளைக்குத் திங்கிறாளா என்னமோ.

உம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. வாப்பா இல்லை, பெரியவாப்பா இல்லை, பெரியும்மா போய் ஆறு வருஷம். மச்சியின் வாயால் உம்மா அதைக் கேட்பது இதுதான் முதல் தடவை. நாற்காலியில் அசையாமல், காதைத் திரைப் பக்கம் சாய்த்து, கடைசி வரை கேட்டாள். படம் முடிந்து நீலத் திரை வந்தது. நான் அழுதுவிட்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். உம்மாவும் அழுவாள் என்று டிஷ்யூ டப்பாவைக் கையில் எடுத்து, பக்கத்தில் போய் உட்கார்ந்து, "என்ன உம்மா?" என்றேன்.

உம்மா கண்ணாடியைக் கழற்றினாள். துடைத்தாள். மறுபடி மாட்டிக்கொண்டாள்.

"அன்னைக்கு மச்சிக்குச் சளி" என்றாள். "உப்பு சரியாத்தான் இருந்துச்சு."